குனியப் பழக்குகிறார்கள், வாசிக்கப் பழக்குவதில்லை

கொஞ்சம் நீளமான பதிவு. வெளிநாட்டுக்குப் போக இருக்கிறவர்களும், பிள்ளையை அனுப்ப இருக்கிறவர்களும் மட்டுமாவது கடைசி வரை வாசியுங்கள்.

2025 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பில் இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு இராச்சியம் மூன்றும் சேர்ந்து, திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவது என்று புரிந்துணர்வு உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன. அன்றிலிருந்து நமது ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரே கதைதான். "அவங்க வரப் போறாங்க, நம்ம பொடியன்மார் ரெடியாகணும்." ரெடியாக்குவதற்கு செமினார்களும் தொடங்கிவிட்டன. அதில் ஒன்றுக்கு உயர்தரம் எழுதிய என் மாணவர்கள் சிலர் போய் வந்தார்கள். தலைப்பு "சர்வதேச வியாபாரமும் கலாசார வேறுபாடுகளும்". கொப்பியை வாங்கிப் பார்த்தேன்.

ஜப்பான்காரருக்கு விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். அரபிக்கு இடது கையை நீட்டக் கூடாது, உள்ளங்காலைக் காட்டி உட்காரக் கூடாது. வெள்ளைக்காரரிடம் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும். சிங்கப்பூர்காரரிடம் ஒரு நிமிஷமும் பிந்தக் கூடாது. முடிவில் கொட்டை எழுத்தில் ஒரு வரி: "அவர்களது கலாசாரத்துக்கு ஏற்ப நம்மை மாற்றிக்கொள்வதே வெற்றி."

இவற்றில் எதுவும் பொய் இல்லை. மரியாதை தெரிந்திருப்பது நல்லதுதான். ஆனால் அந்தக் கடைசி வரியை நான் ஏற்கவில்லை. ஒரு ஆசிரியராக, அதை நமது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதை எதிர்க்கிறேன்.

காரணம் இதுதான். நாட்டுக்கு நாடு பழக்கவழக்கம் வேறு, அது வியாபாரத்தைப் பாதிக்கிறது. சரி. ஆனால் அந்த வேறுபாட்டுக்காக யார் மாற வேண்டும் என்று தீர்மானிப்பது மரியாதை அல்ல. பணமும் சட்டமும்தான். இதை மறைத்துவிட்டு "நீ மாறு, நீ மாறு" என்று ஒரு பக்கத்துக்கு மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது படிப்பினை ஆகாது.

உலகத்தைப் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை முஸ்லிம் நாடுகளின் விடுமுறை நாள் என்று நாம் பெருமையாகச் சொல்வோம். சவூதி அரேபியாவில் முன்பு வியாழனும் வெள்ளியும் விடுமுறை. உலகச் சந்தைகள் திறந்திருக்கும் நாட்களோடு பொருந்தவில்லை என்று 2013 ஜூனில் அதை வெள்ளி, சனி என்று மாற்றினார்கள். அமீரகம் இன்னும் ஒரு படி மேலே போனது. 2022 ஜனவரி 1 முதல் அங்கே அரசாங்க அலுவலகங்களுக்குச் சனியும் ஞாயிறும் விடுமுறை, வெள்ளி அரை நாள் வேலை. ஜும்ஆ நேரத்தையும் அப்போது 1.15 என்று நாடு முழுக்க ஒன்றாக்கினார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தங்களுக்கு எது இலாபம் என்று கணக்குப் பார்த்து, தாங்களே முடிவெடுத்தார்கள். பணம் இருக்கிறவர் தன் வழக்கத்தை மாற்றினால் அதற்குப் பெயர் சீர்திருத்தம். இல்லாதவர் மாற்றினால் "ஏற்ப மாறிக்கொள்ளல்."

இனி நமது நாட்டுக்கு வருவோம். 2013இல் ஹலால் இலச்சினைக்கு எதிராக நடந்த ஆர்ப்பாட்டங்கள் நினைவிருக்கும். பிஸ்கட் பக்கெற்றில் இருந்த ஒரு சின்ன வட்டம் நாட்டுக்கே ஆபத்து என்றார்கள். அந்த மார்ச் மாதம், உள்ளூர்ச் சந்தைப் பொருட்களில் இலச்சினையை விட்டுவிட அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா சம்மதித்தது. ஆனால் ஏற்றுமதிக்கு? ஏற்றுமதிக்கு வேண்டும் என்றார்கள். ஏனென்றால் மத்திய கிழக்கிலும் மாலைதீவிலும் வாங்குகிறவர் கேட்பார். ஒரே பிஸ்கட், ஒரே மெஷின், ஒரே மா. கப்பலில் ஏறினால் அந்த வட்டம் வர்த்தகத் தேவை, நமது கடையில் இருந்தால் தீவிரவாதம். வெளிநாட்டு வாடிக்கையாளரின் கலாசாரத்தை மதிக்கத் தெரிந்த வர்த்தகத்துக்கு, பக்கத்து வீட்டு வாடிக்கையாளரின் கலாசாரம் சுமையாகத் தெரிந்தது. என்ன வித்தியாசம்? வெளியே இருக்கிறவர் வாங்க மறுக்கலாம், கொம்பனிக்கு வலிக்கும். நாம் மறுக்க மாட்டோம் என்று அவர்களுக்குத் தெரியும்.

மறுக்கத் தெரிந்தவர்களிடம் என்ன நடக்கும் என்பதற்கு ஜேர்மனியைப் பாருங்கள். உலகத்தின் மிகப் பெரிய சில்லறைக் கடைக் கொம்பனி அமெரிக்காவின் வோல்மார்ட். 1997இல் ஜேர்மனிக்குள் போனது. அமெரிக்காவில் செய்வதையே அங்கும் செய்தது. வாசலில் நின்று சிரித்து வரவேற்க ஆள் வைத்தது, வேலையாட்கள் காதலிக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. வாடிக்கையாளருக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. தொழிலாளர்கள் பணிந்து போகவில்லை, நீதிமன்றம் போனார்கள். அந்தக் காதல் தடை செல்லாது என்று 2005இல் தீர்ப்பு வந்தது. 2006இல் 85 கடைகளையும் விற்றுவிட்டு வோல்மார்ட் வெளியேறியது. செமினார்களில் இதை "கலாசாரத்தைப் புரிந்துகொள்ளாத கொம்பனி தோற்றது" என்று சொல்வார்கள். பாதிக் கதைதான் அது. மற்றப் பாதி, அந்த நாட்டில் தொழிலாளர் சட்டமும் தொழிற்சங்கமும் இருந்தன, ஜேர்மன் தொழிலாளிக்குத் தன் ஒப்பந்தத்தை வாசிக்கத் தெரிந்திருந்தது.

இப்போது நமது கதை.

சீனன்குடா, கிண்ணியா, மூதூர், புல்மோட்டை. நமது மாவட்டத்தில் வெளிநாட்டில் ஒருவர்கூட இல்லாத முஸ்லிம் குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நாம் செய்கிற மிகப் பெரிய சர்வதேச வியாபாரம் அதுதான். கடலையும் இல்லை, மீனும் இல்லை. நமது உம்மாமாரும் நானாமாரும்தான். அந்த வியாபாரத்தில் நம்மை ஏமாற்றிய ஒரு வசனம் இருக்கிறது: "பயப்படாதீங்க, அவங்களும் முஸ்லிம், நாமளும் முஸ்லிம்."

இதைவிடப் பெரிய பொய்யை நான் கேட்டதில்லை. சலாம் ஒன்று, கிப்லா ஒன்று, நோன்பு ஒன்று. ஆனால் வேலைச் சட்டம் வேறு, மொழி வேறு, முதலாளிக்கும் வேலையாளுக்கும் இடையில் என்ன நியாயம் என்கிற எண்ணம் வேறு. கபாலா முறையில் வேலையாளின் விசா முதலாளியின் கையில். ஜப்பானுக்குப் போகிறவர் எல்லாம் புதுசு என்று எச்சரிக்கையாகப் போவார். சவூதிக்குப் போகிறவர் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவது போலப் போகிறார். ஒற்றுமை கண்ணை மறைக்கிறது. மறைந்து நிற்கிற வேறுபாட்டில்தான் அடி விழுகிறது.

மூதூர் ரிஸானா நபீக்கை நாம் மறக்கவில்லை. 2005இல் போனார். உண்மையான வயதைக் கூட்டிக் கடவுச்சீட்டு எடுத்துக் கொடுத்தது சவூதிக்காரர் இல்லை, இங்கே இருந்தவர்கள். வீட்டு வேலைக்குப் போன பிள்ளையிடம் கைக்குழந்தையைக் கொடுத்தார்கள். குழந்தை இறந்ததும் எடுத்த வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவர் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளர் அல்ல என்று மனித உரிமை அமைப்புகள் சொல்லிக்கொண்டே இருந்தன. 2013 ஜனவரி 9ஆம் திகதி தண்டனை நிறைவேற்றப்பட்டது. நாம் அழுதோம், துஆ கேட்டோம், முகப்புப் படத்தை மாற்றினோம். அதற்குப் பிறகு நமது ஊர்களில் எத்தனை பேர் ஒப்பந்தத்தை வாசித்துவிட்டுப் போனார்கள்?

சென்ற தவணை விடுமுறையில் ஒரு மாணவியின் உம்மா என்னிடம் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தார். "சேர், இதுல எங்க கையெழுத்துப் போடணும் என்டு மட்டும் சொல்லுங்க." ஒரு பக்கம் அரபு, மறுபக்கம் ஆங்கிலம். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை என்று அவரிடம் சொல்லப்பட்டிருந்தது. ஆங்கிலப் பக்கத்தில் வீட்டு வேலை என்று இருந்தது. சம்பளமும் சொன்ன தொகை இல்லை. சொல்லி அனுப்பியவர் அரபி இல்லை, வெள்ளைக்காரர் இல்லை. நமது தெருவில் இருக்கிற, நமது கல்யாணங்களுக்கு வருகிற ஒரு சப் ஏஜென்ட். அவருக்கும் அந்தத் தாய்க்கும் இடையில் என்ன கலாசார வேறுபாடு? ஒருவருக்கு வாசிக்கத் தெரியும், மற்றவருக்குத் தெரியாது. அவ்வளவுதான்.

எனக்கு அதில் இன்னொரு வலியும் இருக்கிறது. அந்தத் தாய் குர்ஆனைத் தஜ்வீதோடு ஓதுவார். அரபு எழுத்து அவருக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கம். ஆனால் அந்தக் காகிதத்தில் இருந்த அரபு வசனம் ஒன்றும் அவருக்கு விளங்கவில்லை. எழுத்துக் கூட்டத் தெரியும், பொருள் தெரியாது. மத்ரஸா மத்ரஸாவாகக் கட்டினோம். இது நம் எல்லோரையும் நோக்கிய கேள்வி.

சட்டம் மாறியதுகூட நமக்குத் தெரிவதில்லை. கட்டாரில் வேலை மாறுவதற்கு முதலாளியின் சம்மதக் கடிதம் தேவையில்லை என்று 2020இல் மாற்றினார்கள். 2021 மார்ச் முதல் ஆகக் குறைந்த சம்பளம் 1000 ரியால். உணவும் தங்குமிடமும் கொடுக்காவிட்டால் அதற்கு வேறாகக் கொடுக்க வேண்டும். வீட்டு வேலையாட்களுக்கும் அது பொருந்தும். சவூதியில் 2021 மார்ச்சில் வேலை மாறும் உரிமையில் சில தளர்வுகள் வந்தபோது, வீட்டு வேலையாட்களை அதில் சேர்க்கவில்லை. கட்டாரா சவூதியா என்று யோசிக்கிற ஒருவருக்கு இது முக்கியமா, இடது கையை நீட்டாதே என்பது முக்கியமா?

"அது கூலி வேலைக்குப் போறவங்கட கதை. பெரிய கொம்பனிகள் அப்படியில்லை" என்று சிலர் சொல்வார்கள். சரி, நமது மேட்டில் இருக்கிற எண்ணெய்த் தாங்கிகளைப் பாருங்கள்.

வெள்ளைக்காரன் இரண்டாம் உலக யுத்தக் காலத்துக்காகக் கட்டியவை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் தாக்கியதில் ஒன்று போனது. இப்போது மிச்சம் 99. 1987 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களிலேயே இந்தத் தாங்கிகளை இரு நாடும் கூட்டாகப் புனரமைப்பது என்று எழுதியாயிற்று. 2003இல் லங்கா ஐஓசி வந்தது. 35 வருடக் குத்தகை என்றார்கள், ஆனால் முறையான குத்தகைப் பத்திரம் எழுதி முடிக்கப்படாமலே வருடங்கள் இழுபட்டன. 2022 ஜனவரி 6ஆம் திகதிதான் மறுபடி உட்கார்ந்து எழுதினார்கள். ஐஓசிக்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, மிச்சம் 61 கூட்டுக் கொம்பனிக்கு, அதில் நமது பக்கம் 51 வீதம், அவர்கள் 49.

இந்தியாவுக்கும் நமக்கும் என்ன பெரிய கலாசார வேறுபாடு? சாப்பாடு ஒன்று, படம் ஒன்று, பாட்டு ஒன்று. கைகூப்பத் தெரியாதவர் இரண்டு பக்கத்திலும் இல்லை. அப்படியிருந்தும் 1987 கடிதத்திலிருந்து 2022 ஒப்பந்தம் வரை 35 வருடம். அரசியல் இருந்தது, யுத்தம் இருந்தது, சந்தேகம் இருந்தது. ஆனால் தெளிவாக எழுதாத காகிதமும் இருந்தது. அரசாங்கங்களுக்கே அந்த நிலை என்றால், கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிற நமக்கு?

மரியாதைக்கும் அதிகாரத்துக்கும் உள்ள தொடர்பு புதுசும் இல்லை. கொழும்பு தேசிய நூதனசாலையில் ஒரு கல் இருக்கிறது. 1911இல் காலியில் ஒரு மதகுக்கு மூடிக்கல்லாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்டது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்தது, 1409 என்று திகதி இட்டது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெய்வேந்திரமுனை நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்துக்கும் காணிக்கை. அறுநூறு வருடத்துக்கு முன்பு கலாசார வேறுபாட்டை மதித்து வியாபாரம் செய்தவர் இவர்தான் என்று செமினார்காரர்கள் அந்தக் கல்லைப் படம் எடுத்துக் காட்டலாம். ஆனால் அதே செங் ஹதான் இரண்டு வருடத்துக்குள் இங்கிருந்த ஆட்சியாளர் அழகக்கோனாரைச் சிறைப்பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார். காணிக்கை வந்த கப்பலில் படையும் வந்தது.

அந்தக் கல்லில் தமிழ் ஏன் இருந்தது? இந்தக் கரையில் வியாபாரம் செய்தவர்கள் தமிழ் பேசினார்கள், அவர்களைத் தவிர்த்துவிட்டு வியாபாரம் செய்ய முடியாது. 2021இல் கொழும்பில் சீன உதவியோடு சட்டமா அதிபர் திணைக்களத்தில் திறந்த நூலகத்தின் பெயர்ப்பலகையில் சிங்களம் இருந்தது, ஆங்கிலம் இருந்தது, சீனம் இருந்தது. தமிழ் இல்லை. மக்கள் கேள்வி கேட்டார்கள், பிறகு அந்தப் பலகையை அகற்றினார்கள். பாடம் அந்தக் கடைசி வசனத்தில்தான் இருக்கிறது. கேட்டார்கள், அகற்றினார்கள்.

"இப்படி எல்லாத்துக்கும் கேள்வி கேட்டா கொம்பனிக்காரன் வராம போயிடுவான் சேர்" என்று பின்னூட்டம் வரும் என்று எனக்குத் தெரியும். ஒன்று சொல்கிறேன். சிங்கப்பூர் பிரிமா 1977இல் ஒப்பந்தம் செய்து நமது குடாவில் மாவு ஆலை கட்டியது. டோக்கியோ சீமெந்தை 1982இல் ஏ.வை.எஸ். ஞானம் ஜப்பானின் மிட்சுயி மைனிங்கோடு சேர்ந்து ஆரம்பித்தார். ஐஓசி வந்தது. இவர்களெல்லாம் நாம் குனிந்த அழகைப் பார்த்து வந்தவர்களா? பெரிய கப்பல் நேரே வந்து நிற்கிற ஆழமான துறைமுகம் இது. கோதுமைக் கப்பலுக்கு அது வேண்டும், எண்ணெய்க் கப்பலுக்கும் அது வேண்டும். யுத்தம் நடந்த காலத்திலேயே இருந்தவர்கள், ஒரு தமிழ் அறிவித்தல் பலகை கேட்டதற்காக ஓடிவிட மாட்டார்கள். நம்மிடம் இருப்பதன் பெறுமதி நமக்குத் தெரியாததால்தான் நாம் பயப்படுகிறோம்.

இன்னும் சிலர் "பேராசை வேண்டாம், தவக்குல் வையுங்கள்" என்பார்கள். சூரத்துல் பகராவின் 282ஆவது ஆயத்தைத் திறந்து பாருங்கள். குர்ஆனிலேயே நீளமான ஆயத் அது. எதைப் பற்றியது? கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. நியாயமாக எழுதுகிறவர் வேண்டும், சாட்சி வேண்டும், சிறிய தொகை என்றாலும் அலுக்காமல் எழுத வேண்டும், தானே சொல்லி எழுதுவிக்க இயலாதவருக்காக அவருடைய பொறுப்பாளர் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டும். இவ்வளவு நீளமாக அல்லாஹ் சொன்னதை விட்டுவிட்டு "நம்பிக்கைதான் பெரிசு" என்று காகிதத்தை மடித்துப் பைக்குள் வைப்பதற்குப் பெயர் தவக்குல் இல்லை. சோம்பல்.

குறை சொல்லிவிட்டுப் போக நான் வரவில்லை. நான்கு வேலைகள் இருக்கின்றன, நாமே செய்யலாம்.

ஒன்று. ஒவ்வொரு பள்ளிவாசலிலும் ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம், ஒரு மேசை, இரண்டு கதிரை. அரபும் ஆங்கிலமும் வாசிக்கத் தெரிந்த இருவர். வெளிநாட்டு ஒப்பந்தம் வைத்திருக்கிற யாரும், தமிழரோ சிங்களவரோ முஸ்லிமோ, கொண்டுவந்து தங்கள் மொழியில் விளக்கம் கேட்கலாம். பெண்கள் வருவதற்கு வசதியாகப் பாடசாலையில் ஒரு நாள். அந்த நாளில் நான் இருக்கிறேன்.

இரண்டு. ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். பதியாமல் போகாதீர்கள். சப் ஏஜென்ட் உங்கள் மாமியின் மகனாக இருந்தாலும் சரி. வாங்கிய காசுக்கு அவரிடம் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் விளங்கிக்கொள்ளுங்கள்.

மூன்று. மத்ரஸா நிருவாகிகளுக்கு என் வேண்டுகோள். ஓதலோடு சேர்த்து, வாரத்தில் ஒரு பாடம் இன்றைய அரபு. சம்பளம், விடுமுறை, வேலை நேரம், கடவுச்சீட்டு என்று ஒரு நூறு சொல் தெரிந்தால் போதும். பாடசாலையில் நாங்கள் சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் பரீட்சைக்காக மட்டும் படிப்பிக்கிறதை விடுவோம்.

நான்கு. எரிசக்தி மையம் என்று யார் வந்தாலும், வருவதற்கு முன்பே மூன்று சமூகமும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதுவோம். நேர்முகப் பரீட்சை தமிழிலும் சிங்களத்திலும் நடக்க வேண்டும். பாதுகாப்பு அறிவித்தல்கள் இரண்டு மொழியிலும் இருக்க வேண்டும். வேலை ஒப்பந்தம் தொழிலாளியின் மொழியில் கைக்கு வர வேண்டும். ஜும்ஆவுக்கும், தைப்பொங்கலுக்கும், வெசாக்குக்கும் நேரம் வேலை அட்டவணையில் முதலிலேயே எழுதப்பட வேண்டும். பிறகு போய்க் கெஞ்சுவது வேறு, முதலே எழுதி வாங்குவது வேறு.

விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் கொடுக்க என் மாணவனுக்குத் தெரியட்டும், நல்லது. ஆனால் மேசையின் மறுபக்கத்திலிருந்து ஒரு காகிதம் அவன் பக்கம் தள்ளப்படும்போது, பேனையை எடுப்பதற்கு முன்பு "வாசிச்சிட்டுத் தாறன், நாளைக்கு வாறன்" என்று சொல்லவும் அவனுக்குத் தெரிய வேண்டும். எந்த நாட்டுக் கலாசாரத்திலும் அது அவமரியாதை இல்லை.

மேசை வைக்க முன்வருகிற பள்ளிவாசல் நிருவாகிகளும், வாசித்துச் சொல்லக்கூடிய ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தவர்களும் உள்பெட்டியில் தொடர்புகொள்ளுங்கள். மாற்றுக்கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள், பதில் சொல்வேன். சப் ஏஜென்ட் நண்பர்கள் கோபப்பட்டால் கோபப்படட்டும்.

வஸ்ஸலாம்.